படியில்லாத வழி

சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அப்புறம் ஒன்றும் மிச்சமிருக்காது. வேறு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இது எந்த ஆறு, அது என்ன கட்டடம், இங்கே மழை எப்போது பெய்யும் என்று ஊர் பார்க்க வந்தவர்கள் கேட்கிற கேள்விகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஒன்று மட்டும் வேண்டாம்.

ஓட்டல் அறைக் கண்ணாடியின் முன் நின்று தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டு, சௌந்தரம் பட்டாணி அளவிலிருந்த கருவியைக் காதில் வைத்தாள். இன்னொன்று சட்டைப் பொத்தான் போல இருந்தது. அதைச் சேலைத் தலைப்பில் ஊக்கு குத்துகிற இடத்தில் ஒட்டிக்கொண்டாள். அவளுக்கு முன்னால் இருப்பதை அது பார்க்கும். அவள் முகத்தைப் பார்க்காது.

"வணக்கம்மா. சோங்சிங் ஊருக்கு வந்திருக்கீங்க. என் பேரு வதனி. இன்னைக்குப் பூரா நான்தான் உங்ககூட வரப்போறேன். காலைல எந்திரிச்சதும் நல்ல காபிக்கு மனசு அலையுமே, அதை மட்டும் இந்த ஊர்ல கேட்டுறாதீங்க."

இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளின் குரல். மூக்கடைத்துக்கொண்டு கொஞ்சம் கரகரத்தது. இதையெல்லாம் பேசிப் பதிவு செய்த குளிர்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்திருக்க வேண்டும். இனி எந்தக் காலத்திலும் இந்தச் சளி விடாது என்று சௌந்தரத்துக்குத் தோன்றியது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கைப்பேசி அடித்தது. காதுக் கருவியை ஒரு தட்டுத் தட்டினால் வதனி காத்திருப்பாள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தட்டிவிட்டு எடுத்தாள். திண்டுக்கல்லிலிருந்து அவள் கணவர் தங்கவேலு.

"போட்டுட்டியா? பேசுறாளா?"

"ம்."

"சொல்லிட்டியா?"

"இப்பத்தாங்க காதுலயே வச்சிருக்கேன்."

"கம்பெனிக்காரங்க சொன்னது ஞாபகம் இருக்குல்ல? அதுக்கு உன் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. வதனி வேலைக்காகப் பேசிவச்சது மட்டும்தான் அதுகிட்ட இருக்கு. 'நான்தான்மா உன் அம்மா'ன்னு நீயா வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு. அதுதான் வாரிசோட சம்மதம். சொன்ன நிமிஷத்துலேருந்து அவ வேற யார் காதுலயும் பேச மாட்டா. நம்ம வீட்டுக்கு வந்துருவா."

'அது' என்று தொடங்கி 'அவ' என்று முடித்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நம்ம போட்டோ, நம்ம வாட்ஸப் பேச்சு எல்லாத்தையும் குடுத்தா, அப்படியே நம்ம புள்ளையா ஆக்கிக் குடுப்பாங்களாம். என்னை நெஞ்சைக் கிழிச்சுத் தச்சு வச்சிருக்காங்க, பிளேன் ஏறக் கூடாதுங்கறாங்க. இல்லன்னா நானே வந்து சொல்லியிருப்பேன். ராத்திரிக்குள்ள சொல்லிரும்மா. நாளைக்குக் காலைல உனக்கு பிளேன். ஒப்பந்தமும் முடியுது, இதுக்கப்புறம் அவங்ககிட்ட கேட்க முடியாது."

"சரிங்க."

"அவ மேசைல ஸ்பீக்கர் வாங்கி வச்சிருக்கேன்," என்றார் தங்கவேலு. சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மதிவதனி இந்தச் சீன ஊருக்கு டாக்டருக்குப் படிக்க வந்தவள். படிப்பின் நடுவில், தமிழ்நாட்டிலிருந்து வருகிற சுற்றுலாக்காரர்களுக்குக் காதில் வழிகாட்டுகிற குரலாக வேலை கிடைத்தது. ஒருமுறை ஊரெல்லாம் நடந்து பேசிக் கொடுத்தால் போதும். அந்தப் பேச்சிலிருந்து கணினிக் குரல் ஒன்று தானே புதுப்பேச்சு உண்டாக்கி, கேட்டதற்குப் பதில் சொல்லி, ஆயிரம் பேரோடு ஒரே நேரத்தில் நடக்கும். பேசிக் கொடுத்த அடுத்த மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. பெற்றவர்கள் விசா வாங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. குரலுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அது தன் பாட்டில் ஊர் காட்டிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிகிற சமயத்தில்தான், எடுத்துக்கொள்கிறீர்களா இல்லை எங்களிடமே இருக்கட்டுமா என்று நிறுவனத்தார் கேட்டார்கள்.

சௌந்தரம் முகத்தைக் கழுவிக்கொண்டு கருவியைத் தட்டினாள்.

"போலாமாம்மா?" என்றது குரல். "குடை எடுத்துக்கோங்க. இந்த ஊர்ல வானத்தை நம்ப முடியாது."

அது மலைமேல் மலையாகக் கட்டிய ஊர். தெருவுக்கு மேல் தெரு, அதற்கு மேல் பாலம், பாலத்துக்கு மேல் ரயில். எங்கே பார்த்தாலும் கல்படிகள். மூட்டையைக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தபடி ஒரு கிழவர் படியேறிப் போனார். சௌந்தரம் அந்தப் படிகளைப் பார்த்ததுமே வலது முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் போகாதீங்க. இடது கைப்பக்கம் மருந்துக் கடைக்குப் பின்னால ஒரு லிஃப்ட் இருக்கு. ஊர்க்காரங்களுக்கே பாதிப்பேருக்குத் தெரியாது."

லிஃப்ட் இருந்தது. அதிலிருந்து வெளியே வந்து ஒரு சதுக்கத்தைத் தாண்டி, கம்பித் தடுப்பின் அருகே நிற்கச் சொன்னாள் வதனி.

"இப்ப நீங்க நிக்கிறது தரைன்னுதானே நினைக்கிறீங்க? எட்டிப் பாருங்க... வேணாம் வேணாம், எட்டிப் பாக்காதீங்க. நான் சொல்றேன், நம்புங்க. இது இருபத்திரண்டாவது மாடி. கீழேருந்து வர்றவனுக்கு இது மொட்டை மாடி, மேலேருந்து வர்றவனுக்கு இது வாசல். இந்த ஊர்ல யாரையும் நீ எந்த மாடில இருக்கேன்னு கேட்கவே கூடாது, எந்தப் பக்கத்துலேருந்து வந்தேன்னுதான் கேட்கணும்."

சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்ததே என்று பயமாகவும் இருந்தது. இறந்தவளின் வேடிக்கைப் பேச்சுக்கு அம்மா சிரிக்கலாமா? இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாய் வரைக்கும் வந்ததை, அடுத்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று விழுங்கினாள்.

அடுத்த இடம் லிஜிபா ரயில் நிலையம். குடியிருப்புக் கட்டடத்தின் நடு வயிற்றில் ரயில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருகிறது. கீழே சாலையோரத்தில் ஒரு கூட்டமே அண்ணாந்து, வாயைப் பிளந்து நின்றது. தூரத்து ரயில் வாய்க்குள் போவதுபோல் படம் எடுக்கிறார்கள்.

"எல்லாரும் பண்றதுதான். வெட்கப்படாதீங்க," என்றாள் வதனி. "எங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்தா இதை மட்டும் செய்யவே மாட்டாங்க. 'நடுரோட்ல வாயைத் தொறந்துகிட்டு நிப்பாங்களாக்கும்'பாங்க."

அந்த நிமிடம் சௌந்தரம் மனதுக்குள் அதே சொற்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெண்ணிடம் கைப்பேசியைக் கொடுத்து, ரயில் வந்ததும் வாயைத் திறந்தாள். முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் உட்கார்ந்து, சிரித்தால் மரியாதை போய்விடும் என்று இருந்தவள். கண்ணில் நீர் வழிய, அகலமாக வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அந்தப் பெண் படத்தைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். இதைக் காட்ட வேண்டியவளிடம் காட்ட வழியில்லை என்று சௌந்தரம் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

மத்தியானம் லுவோஹான் கோயில். வானுயரக் கடைகளுக்கு நடுவில் ஊதுபத்திப் புகையோடு ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே ஒரு நீண்ட மண்டபத்தில் வரிசை வரிசையாக புத்தரின் சீடர்களான ஐநூறு அருகர்களின் சிலைகள். ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் காது குடைகிறார், ஒருவர் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்க்கிறார்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு. உங்களுக்குப் பிடிச்ச சிலைல ஆரம்பிச்சு, உங்க வயசு வர்றவரைக்கும் ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே போங்க. எங்க முடியுதோ, அவர் முகம்தான் இப்ப உங்க மனசுங்கறாங்க. வயசை என்கிட்ட சொல்ல வேணாம், மனசுக்குள்ள எண்ணுங்க."

சௌந்தரம் எண்ணினாள். உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே போய், ஒரு சிலையின் முன் நின்றாள். இளம் முகம். கையில் எதையோ பொத்தி வைத்துக்கொண்டு, திறந்து காட்டட்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது. அதற்குமேல் கால் நகரவில்லை. அவள் எண்ணியது தன் வயதை அல்ல.

"ஏம்மா, பாதியிலயே நின்னுட்டீங்க?" என்று கேட்டாள் வதனி.

"போதும்மா," என்றாள் சௌந்தரம்.

கோயிலுக்குள்ளேயே சைவச் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. தட்டோடு இடம் தேடியபோது, மேசையிலிருந்து ஓர் அம்மாள் கையை ஆட்டினார். கழுத்தில் தாலிக்கொடியும் மேலே கம்பளிச் சட்டையும்.

"வாங்க, வாங்க, இப்படி உக்காருங்க. சேலையைப் பார்த்ததுமே சொன்னேன், நம்மாளுங்கதான்னு. நாங்க திருச்செங்கோடுங்க. நான் கோகிலாமணி, இவரு எங்கூட்டுக்காரரு. தனியாவா வந்திருக்கறீங்க?"

"ஆமாங்க."

"தைரியந்தான்." அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "உங்களுக்கும் அந்தப் புள்ளதானுங்களா? வதனி?"

சௌந்தரம் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். என் பெண்ணின் பெயர் இந்த அம்மாளின் வாயில், சோற்றோடு சோறாக. தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்ல புள்ளைங்க. ஆனா ஒரு படி ஏற உட மாட்டீங்கறா! எங்க பார்த்தாலும் லிஃப்டு, லிஃப்டு. முட்டியப் பாத்துக்கோங்க, முட்டியப் பாத்துக்கோங்கன்னு. நான் தெனம் விடியக்காலைல மலை ஏறி எறங்கறவ. எனக்கென்னங்க முட்டிக்கு?"

கணவர் குழந்தைவேல் சிரித்தார். "அதாச்சும் பரவால்லீங்க. நான் போர்வெல் லாரி மேல நின்னே பாதி வயசு போனவன். எனக்குப் போயி, ரோப்கார்ல உள்பக்கம் நில்லுங்க, கீழ பாக்காதீங்கன்னு அதட்டறா. மொளகா போட்டத எடுத்தா, அது உங்களுக்கு ஆகாதுங்கறா. எங்கம்மாகூட என்னைய இப்படி மெரட்டுனதில்லீங்க."

"எப்பத் தாயி ஊருக்குப் போவேன்னு நேத்துக் கேட்டேன்," என்றார் கோகிலாமணி. "தீபாவளிக்குப் போறேன்னா. பாவம், ஆத்தா அப்பனையெல்லாம் உட்டுப்போட்டு இங்க வந்து கெடக்குது."

சௌந்தரம் குனிந்து சாப்பிட்டாள். தட்டில் மிளகாய் இல்லை. வாங்கும்போதே வதனி வேண்டாம் என்றிருந்தாள். மிளகாய் சௌந்தரத்துக்கு ஆகாது. முட்டி வலி சௌந்தரத்துக்குத்தான். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுவதும் அவளுக்குத்தான்.

சாயங்காலத்துக்கு முன்னால் கம்பிவண்டியில் ஏறினாள். யாங்சி ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற பெட்டி.

"உள்பக்கமா நில்லுங்கம்மா. நடுக்கம்பியைப் பிடிச்சுக்கோங்க. வேணும்னா கண்ணை மூடிக்கோங்க, நான் சொல்லிக்கிட்டே வர்றேன். எங்க ஊர் மலைக்கோட்டைல எங்க அம்மா பாதி தூரத்துலயே உக்காந்துட்டாங்க. அப்பாதான் மேல ஏறிப்போயி, எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வந்து காட்டினார். அதுமாதிரின்னு வச்சுக்கோங்க."

சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டி ஆடியது.

"வதனி."

"சொல்லுங்கம்மா."

"எல்லாருக்கும் முட்டி வலிக்கும்னு ஏன் நினைக்கிறே?"

குரல் சிரித்தது. சிரிப்பின் முடிவில் அந்த மூக்கடைப்பு. "யாரோ புகார் சொல்லிட்டாங்களா? அது என் தப்புத்தான். இந்த வேலைல எங்களுக்கு முதல்ல சொல்லிக்கொடுக்கிறதே ஒண்ணுதான். கூட்டத்துக்குப் பேசாதீங்க, பிரசங்கம் மாதிரி ஆயிரும். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆளைப் பக்கத்துல கூட்டிக்கிட்டு ஊர் பூரா நடங்க, அவங்களுக்குக் காட்டுங்கன்னு. இங்க எல்லாரும் அப்படித்தான் பதிவு பண்ணுவாங்க. ஒரு பெங்காலிப் பையன் அவன் காதலியைக் கூட்டிட்டு நடந்தான். அவனோட போறவங்களுக்கு எல்லாம் ஒரே பூங்காவா வரும். நான் எங்க அம்மாவைக் கூட்டிட்டு நடந்தேன்."

"அம்மா வந்திருந்தாங்களா?"

"எங்க வந்தாங்க? மனசுலதான். குளிர்ல நான் மட்டும் காலி இடத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டே நடப்பேன், ரோட்ல போறவங்க திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க. படியைக் கண்டாலே அம்மா முட்டியைப் பிடிப்பாங்களேன்னு லிஃப்ட் இருக்கிற வழியாத் தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன். அப்புறம் மேல இருக்கிறவங்க திருத்தச் சொன்னாங்க. முட்டி வலி இல்லாதவங்களும் வருவாங்கள்லன்னு. செஞ்சு பார்த்தேன். அம்மாவை எடுத்துட்டா எனக்குப் பேச்சே வரல."

சௌந்தரம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா நல்லா இருந்துச்சும்மா," என்றாள் வதனி. "வீட்ல அம்மா இவ்வளவு நேரம் நின்னு என் பேச்சைக் கேட்டதே இல்ல. அவங்களுக்கு ஆயிரம் வேலை. அந்தக் குளிர்காலம் பூரா கேட்டுக்கிட்டே வந்தாங்க."

"அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லியிருக்கியா?"

"சொல்லிட்டா என்ன ருசி? தீபாவளிக்குப் போறேன்ல, திரும்பி வரும்போது கையோட கூட்டிட்டு வந்துருவேன். நேர்ல காட்டணும்."

சௌந்தரம் கண்ணைத் திறந்தாள். கீழே ஆறு கலங்கி, மஞ்சளாக, வெகு ஆழத்தில் போய்க்கொண்டிருந்தது. தலை சுற்றவில்லை. அல்லது சுற்றியதை அவள் பொருட்படுத்தவில்லை.

இறங்கியதும் தங்கவேலு அழைத்தார். வதனியைக் காத்திருக்கச் செய்துவிட்டு ஒரு கல்மேடையில் உட்கார்ந்து பேசினாள்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"குரல் அப்படியே இருக்கா?"

"அப்படியே இருக்கு. சளி பிடிச்சிருக்கு."

"சளியா?" என்று பதறினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "என்னைப் பத்தி... ஏதாவது சொன்னாளா?"

"மலைக்கோட்டைல நீங்க மேல போயி எனக்காகப் போட்டோ எடுத்துட்டு வந்தீங்கள்ல, அதைச் சொன்னா."

"அதை ஞாபகம் வச்சிருக்காளா?" அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அப்ப அவளுக்கு ஆறு வயசு இருக்குமா? சொல்லிரும்மா. நான் அவ ரூம்லதான் உக்காந்திருக்கேன். நீ சொன்னதும் எனக்கு ஒரு போன் போடு."

"நீங்க மாத்திரை போட்டுக்கோங்க," என்றாள் சௌந்தரம்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பாறைச் சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த மரவீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொன்னிறமாகின. கூட்டம் ஓவென்று கத்தியது. வதனி, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று சௌந்தரம் யோசித்தாள். முதலில் அவள் சந்தோஷப்படுவாள். அம்மாவா, தனியாவா வந்தே, ஏன் சொல்லல என்று கத்துவாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தீபாவளி இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தக் காய்ச்சலைப் பற்றி, பெட்டியில் வந்த சாம்பலைப் பற்றி, பெற்றவளே சொல்ல வேண்டும். அப்புறம் திண்டுக்கல்லில், மூடிய அறையில், மேசைமேல் அவள் இருப்பாள். சாப்பிட்டியா என்று இருவரும் மாறி மாறிக் கேட்பார்கள். சாப்பிட்டேன் என்று அது சொல்லும்.

இங்கே அவள் நடந்துகொண்டிருக்கிறாள். இந்த நிமிடம்கூட எங்கோ யாரையோ, முட்டி வலிக்காத யாரையோ, லிஃப்ட் இருக்கும் வழியாக அழைத்துப் போகிறாள். யாரென்று தெரியாத அத்தனை பேருக்கும் பக்கத்தில், அவள் சொல்வதையெல்லாம் நின்று கேட்கிற ஓர் அம்மா கூடவே வருகிறாள். அந்த இடத்தில் தான் போய் நின்றால், அந்த அம்மா எங்கே போவாள்?

ஸ்பீக்கரைத் துடைத்து வைத்துக்கொண்டு தங்கவேலு காத்திருப்பார். போனை எடுத்ததும், சொல்லிட்டியா என்றுதான் கேட்பார். அவரை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

"அம்மா," என்றாள் வதனி. "நம்ம சுத்துறது இதோட முடியுது. நடந்து களைச்சுப் போயிருப்பீங்க. ராத்திரி முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. இவ்வளவு பொறுமையா யாரும் என் பேச்சைக் கேட்டதில்ல, அதனாலதான் கேக்கறேன். உங்க பேரு என்ன, எந்த ஊருன்னு சொல்லுங்களேன்? சொன்னா ஞாபகம் வச்சுக்குவேன். அடுத்த தடவை நீங்க வந்தா, இன்னார்னு எனக்குத் தெரியும், முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டாம்."

ஆற்றில் ஒரு படகு விளக்குகளோடு திரும்பியது. சௌந்தரம் சேலைத் தலைப்பில் இருந்த பொத்தானைக் கையால் பொத்திக்கொண்டாள். ஒரு குழந்தையின் கண்ணைப் பொத்துவதுபோல.

"வேண்டாம்மா," என்றாள். குரல் உடையவில்லை. "பேரெல்லாம் வேண்டாம். அடுத்த தடவையும் முதல்லேருந்தே சொல்லு."